பதினாறு மாடி கேசட்

1990களில் மலேசியாவில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் வீட்டு டிவி மேசையின் இழுப்பறையிலும் ஒரு மஞ்சள் கேசட் கிடந்திருக்கும். அதன் மேல் ஒட்டிய தாளில் மாரியோ, பீரங்கி வண்டி, குங்ஃபூ வீரன் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் ஓர் எண் மின்னும். 64 இன் 1. 500 இன் 1. சில கேசட்டுகளில் 9999999 இன் 1.

ஏழு ஒன்பதுகள்! ஒரு விளையாட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், தூங்காமல் விளையாடி முடிக்க 19 ஆண்டுகள் ஆகும். பாசார் மாலாமில் அதை வாங்கிக் கொடுத்த எந்தப் பெற்றோரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. பிள்ளைகளான நாங்களும் போட்டதில்லை. பட்டியலில் இரண்டு, மூன்று பக்கம் தாண்டும்போதுதான் சந்தேகம் வரும். இந்த மாரியோவை முதல் பக்கத்திலேயே பார்த்தோமே?

உண்மையில் உள்ளே இருந்தவை ஒரு கைப்பிடி விளையாட்டுகள்தான். ஒரே விளையாட்டை ஒரு வரியில் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வைப்பார்கள். அடுத்த வரியில் வேறு பெயர் சூட்டி ஐந்தாம் கட்டத்திலிருந்து தொடங்க வைப்பார்கள். இன்னொரு வரியில் உயிர்களைக் கூட்டிக் கொடுப்பார்கள். மேலே ஒட்டிய தாள் ஒன்று சொல்லும், உள்ளே இருக்கும் சில்லு வேறொன்று சொல்லும்.

கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளராக இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் பேசிக்கொண்டே இருப்பது என் தொழில். அதனாலோ என்னவோ, ஓய்வு நேரத்தில் பேசத் தேவையில்லாத ஒரு வேலை பிடித்துப்போனது. கையில் சூட்டுக்கோல், மேசையில் ஈயக் கம்பி, பழைய ஃபேமிகாம் கேசட் பலகைகள். பொய் சொல்லாத ஓர் எண்ணோடு ஒரு கேசட் செய்ய வேண்டும் என்பது ஆசை. அந்த எண் 16.

ஓ.டி. பணத்தில் வந்த டிவி கேம்

பினாங்கில் எங்கள் வீட்டுக்கு மைக்ரோ ஜீனியஸ் வந்தபோது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. அதை வாங்கியவர் அம்மா. மூன்று மாத ஓ.டி. பணம் சேர்த்து வாங்கினார். அம்மாவுக்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி வேலை. நாட்டின் முதல் தடையற்ற வாணிப மண்டலம் 1972இல் அங்கேதான் அமைந்தது. அங்கிருந்த தொழிற்சாலைகளில் சில்லு செய்த ஆயிரக்கணக்கான பெண்களில் அம்மாவும் ஒருவர். ஆனால் அங்கே அவர் என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. பள்ளிப் படிவத்தில் ‘தாயாரின் தொழில்’ என்ற கோட்டில் ‘ஆப்பரேட்டர்’ என்று எழுதுவோம். அதோடு சரி.

அம்மாவுக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்டு. காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் படுப்பார். பள்ளி விடுமுறை நாள்களில் நாங்கள் டிவி கேம் விளையாடும் நேரமும் அதேதான். எங்களுடையது இரண்டறை ஃபிளாட். ஹாலுக்கும் அம்மா தூங்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர், ஒரு துணித் திரை. டிவியின் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைப்பது வீட்டுச் சட்டம். யாரும் போட்ட சட்டமில்லை, அண்ணனும் நானும் எங்களுக்கே போட்டுக்கொண்டது.

ஆகவே, உலகமே முணுமுணுத்த மாரியோ பாட்டு எங்களுக்குத் தெரியாது. எங்கள் மாரியோ சத்தமில்லாமல் குதித்தார். எங்கள் பீரங்கிகள் சத்தமில்லாமல் சுட்டன. தோற்றால்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் கத்துவோம். கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் கைப்பேசியில் மாரியோ இசை ஒலித்தபோது, “இது என்ன பாட்டு?” என்று நான் கேட்டதை அவள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். ஊடகவியல் படித்து ஒலியைத் தொழிலாக எடுத்துக்கொண்டவளின் பிள்ளைப் பருவம் இப்படித்தான் இருந்தது.

ஒரு கட்டடம், பதினாறு மாடி

இப்போது கேசட்டைத் திறப்போம்.

1970களின் நடுப்பகுதி வரை வீட்டு வீடியோ கேம் பெட்டியில் என்ன விளையாட்டு உள்ளேயே பொருத்தப்பட்டிருந்ததோ, அதை மட்டும்தான் விளையாட முடியும். 1976 நவம்பரில் அமெரிக்காவில் வந்த ஃபேர்சைல்டு சேனல் எஃப் அதை மாற்றியது. விளையாட்டைத் தனியாக ஒரு நினைவகச் சில்லில் வைத்து, கழற்றி மாட்டும்படி செய்தார்கள். அந்த அணிக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் ஜெரி லாசன், கறுப்பின அமெரிக்கர். பிறகு 1983 ஜூலை 15ஆம் தேதி ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் மசயுகி உவெமுரா. தைவானில் தயாராகி நம் ஊருக்கு வந்த மைக்ரோ ஜீனியஸ் அந்த ஃபேமிகாமின் நகல்தான். அதனால் ஃபேமிகாமின் 60 பின் கேசட் எங்கள் பெட்டியிலும் வேலை செய்தது.

எளிமையான ஃபேமிகாம் கேசட்டில் இரண்டு நினைவகச் சில்லுகள் இருக்கும். ஒன்றில் விளையாட்டின் நிரல், அதிகபட்சம் 32 கிலோபைட். இன்னொன்றில் படங்கள், 8 கிலோபைட். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் இந்த 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வரும் காலை வணக்கப் படமே இதைவிடப் பெரியதாக இருக்கும்.

பல விளையாட்டுகளை ஒரே கேசட்டில் வைப்பது எப்படி? நம் ஃபிளாட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேமிகாமின் செயலி, நிரல் சில்லில் 32,768 வீடுகளுக்குக் கடிதம் போடும். அந்த வீட்டு எண்ணைச் சொல்ல 15 கம்பிகள் போதும். நான் வாங்கிய நிரல் சில்லுக்கோ 19 முகவரிக் கம்பிகள் உண்டு. கொள்ளளவு 512 கிலோபைட். அதாவது, ஒவ்வொன்றிலும் 32,768 வீடுகள் கொண்ட 16 மாடிக் கட்டடம். மிச்சமுள்ள நான்கு கம்பிகள்தான் மாடி எண். அவற்றை இயந்திரத்தோடு இணைக்காமல் நான்கு சின்னச் சுவிட்சுகளோடு இணைக்க வேண்டும். சுவிட்ச் கீழே இருந்தால் 0, மேலே இருந்தால் 1. நான்கு சுவிட்சுகளை 16 விதமாக வைக்கலாம், எனவே 16 விளையாட்டுகள். படச் சில்லும் அப்படியே. 128 கிலோபைட் சில்லு ஒன்று, 8 கிலோபைட் வீதம் அதிலும் 16 மாடி. அதே நான்கு சுவிட்சுகள் இரண்டு கட்டடங்களின் மாடியையும் ஒன்றாக மாற்றும்.

இதில் எனக்குப் பிடித்தது, தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்பது ஃபேமிகாமுக்குத் தெரியவே தெரியாது. மின்சாரம் வந்ததும் வழக்கமான வீட்டுக் கதவைத் தட்டும். யார் திறக்கிறார்களோ, அவர்களோடு விளையாடும்.

ஐந்தாவதாக ஒரு சிவப்புச் சுவிட்சும் வேண்டும். மாரியோ போலப் பக்கவாட்டில் நகரும் விளையாட்டுக்கும் ஐஸ் கிளைம்பர் போல மேலே ஏறும் விளையாட்டுக்கும் திரை நினைவகத்தை வேறு வேறு விதமாக அடுக்க வேண்டும். அசல் கேசட்டில் அதை ஈயத்தால் நிரந்தரமாக முடிவு செய்துவிடுவார்கள். 16 விளையாட்டு குடியிருக்கும் கேசட்டில் அப்படிச் செய்ய முடியாது.

இவற்றோடு, வானொலிக்காரியான என்னை நிமிர்ந்து உட்கார வைத்த ஒரு விஷயம் உண்டு. ஃபேமிகாமில் ஒலி நேராக டிவிக்குப் போவதில்லை. 45ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் நுழைந்து, 46ஆம் பின் வழியாகத் திரும்பி வந்த பிறகுதான் டிவிக்குப் போகிறது. கேசட் தன் பங்குக்கு இசை சேர்க்க விரும்பினால் சேர்க்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. நம் கேசட் எதையும் சேர்க்கவில்லை என்றாலும் அந்த இரண்டு பின்களையும் இணைத்துத்தான் ஆக வேண்டும். இணைக்காவிட்டால் படம் வரும், சத்தம் வராது. பலகையில் முதலில் சூடு வைத்தது அந்த இணைப்புக்குத்தான்.

யாருக்கு எந்த மாடி?

சில்லில் எழுதும் வேலை சுலபம். கடினமானது, என்ன எழுதுவது என்று முடிவு செய்வது. 16 இடம்தான். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். இப்போது ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது.

“ஃபோன்லயே ஆயிரம் கேம் இருக்கு. இது எதுக்குடி உனக்கு?”

“ஆயிரத்துல நீ எத்தனை விளையாண்ட?”

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு ஒரே சொல்: “கான்ட்ரா.”

கான்ட்ராவுக்கு இந்தக் கட்டடத்தில் இடமில்லை. அதன் நிரல் மட்டுமே 128 கிலோபைட். விளையாடும்போதே மாடி விட்டு மாடி தாவும். அதற்குத் தனியாக ஒரு சில்லு வேண்டும். இதைச் சொன்னதும் அண்ணன் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தார். அடுத்த இரண்டு வாரம், குடிநுழைவு வரிசையில் நிற்கும்போதெல்லாம் பட்டியல் அனுப்பினார். பேட்டில் சிட்டி. ரோட் ஃபைட்டர். சர்க்கஸ் சார்லி. பாம்பர்மேன். லோட் ரன்னர். “எக்ஸைட்பைக்கைத் தூக்கிடு, காலகாவைப் போடு.” மறுநாள் காலை, “இல்ல, ரெண்டும் இருக்கட்டும்.” பல மாதங்களாக அம்மாவின் மருத்துவச் செலவைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளாத நாங்கள் எக்ஸைட்பைக்குக்காகச் சண்டை போட்டோம்.

வானொலியில் ஒரு மணி நேரத்தில் விரும்பிய பாடலையெல்லாம் போட முடியாது. விளம்பரம், செய்தி, என் பேச்சு போக எஞ்சிய நேரத்தில் எது நிற்க வேண்டும் என்று தினமும் தேர்ந்தெடுக்கிறேன். இடம் குறைவாக இருக்கும்போதுதான் ஒரு பாட்டு நமக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரிகிறது. விளையாட்டும் அப்படியே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று நாங்கள் விளையாடிய மஞ்சள் கேசட்டுகள் களவு நகல்கள். ஏழு வயதில் அது தெரியாது. இன்று தெரியும். அந்த விளையாட்டுகளுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அதனால் ஜப்பானிலிருந்து பழைய அசல் கேசட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, அவற்றிலிருந்து படித்தெடுத்தேன். என் வீட்டுக்கு ஒரே ஒரு கேசட், விற்பனைக்கு இல்லை. ஒரு மாடியை 2019இல் வெளிவந்த மைக்ரோ மேஜஸுக்குக் கொடுத்தேன். அதே 40 கிலோபைட் வரம்புக்குள் இந்தக் காலத்தில் செய்யப்பட்ட புதிய விளையாட்டு அது. அதையும் காசு கொடுத்தே வாங்கினேன்.

அந்த வேட்டையில் ஓர் அசல் ஃபேமிகாமும் கைக்கு வந்தது. சிறு வயதில் முதல் கன்ட்ரோலர் எப்போதும் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. அசலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 1983இல் நிண்டெண்டோ ஒலிவாங்கியைப் பொருத்தியது இரண்டாவது கன்ட்ரோலரில்தான். அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்குப் பதில் எழுதத் தோன்றவில்லை.

பதினைந்து மாடி நிரம்பியது. ஒன்று மிச்சம்.

சன்னல் வைத்த சில்லு

தீபாவளிக்கு பினாங்கு போனபோது எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் சில்லுகளைப் பரப்பி வைத்திருந்தேன். நான் பயன்படுத்துபவை ஈபிராம் வகை. செராமிக் உடல், நடுவில் வட்டமாக ஒரு குவார்ட்ஸ் சன்னல். அந்தச் சன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைச் சுமார் 20 நிமிடம் பாய்ச்சினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், மறுபடி எழுதலாம். எழுதி முடித்ததும் சன்னலை மூடி ஒட்டிவிட வேண்டும். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே எழுதியது போய்விடக்கூடும்.

அம்மாவுக்கு இப்போது 64 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று அடுத்த ஆண்டு. அந்தச் சில்லை எடுத்து விளக்குப் பக்கம் சாய்த்தார். என் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.

“இது செராமிக் பேக்கேஜ். இதுல தங்கக் கம்பி போடமாட்டாங்க.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“மேல் மூடி ஒட்டுறதுக்கு ரொம்ப சூடு வைப்பாங்க. அந்தச் சூட்டுல தங்கம் சரிப்படாது. அதான் இதுக்கு அலுமினியக் கம்பி. பாரு, வெள்ளையா தெரியுதா? பிளாஸ்டிக் சிப்புக்குத்தான் தங்கம்.”

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“என்னா கேக்குற நீ? பதினெட்டு வருசம் பாண்டிங்ல இருந்தேன்.”

சன்னலுக்குள்ளே பார்த்தேன். நடுவில் விரல் நகத்தைவிடச் சின்னதாக மின்னும் ஒரு சதுரம். அதன் ஓரங்களிலிருந்து சுற்றியுள்ள கால்களுக்கு வளைந்து போகும் மெல்லிய கம்பிகள். அந்தக் கம்பிகளை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்துவதுதான் பாண்டிங். தலைமுடியின் மூன்றில் ஒரு பங்கு தடிமன். முதலில் கண் பரிசோதனையில் தேற வேண்டும், தேறினால்தான் வேலை என்றார். கை நடுங்கக் கூடாது. வளைவு அதிகமானால் பக்கத்துக் கம்பியில் படும், குறைந்தால் இழுத்து அறுந்துவிடும். இதையெல்லாம் அம்மா அதிரசத்துக்குப் பாகு பதம் சொல்லும் அதே குரலில் சொன்னார். என்னிடம் பேட்டி கொடுக்க வந்த எத்தனையோ பேரிடம் “உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறேன். வீட்டில் அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் வந்தது, அதுவும் ஒரு சில்லின் புண்ணியத்தில்.

சில்லைத் திருப்பினார். அடியில் ‘மலேசியா’ என்று அச்சிட்டிருந்தது. சீனாவில் பழைய பாகம் விற்கும் ஒருவரிடமிருந்து நான் தபாலில் வாங்கியது. இங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

“நீங்க செஞ்சதா இருக்குமாம்மா?”

“இந்த ஊருல எத்தனை ஆயிரம் பொம்பளைங்க. யாரு செஞ்சதோ. நல்லாத்தான் செஞ்சிருக்கா.”

பதினாறாவது மாடி

“உங்களுக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். எந்த கேம் வேணும்?” என்றேன்.

எனக்கு எதுக்கு என்பார் என்று நினைத்தேன். அம்மா யோசிக்கவே இல்லை.

“பலூன் கட்டிக்கிட்டுப் பறப்பீங்களே. தண்ணிப் பக்கம் போனா மீன் வந்து கவ்வுமே. அது.”

பலூன் ஃபைட். 1985இல் வந்தது. அதற்கு நிரல் எழுதியவர் பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா. ஆனால் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? சில நாள் தூக்கம் வராது, திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன் என்றார். நாங்கள் விளையாடுவது தெரியும். நாங்கள் வாயைப் பொத்திக்கொள்வதும் தெரியும்.

அசல் பலூன் ஃபைட் என் சேகரிப்பில் இருந்தது. அன்றிரவே பதினாறு பாகங்களையும் ஒன்றாகக் கோத்து, சில்லுகளில் எழுதி, பலகையில் பொருத்தினேன். சன்னல்களின் மேல் வெள்ளித்தாள் ஒட்டினேன். அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் நடுவில் வைத்தார். “கண்ணு பட்டுடப் போவுது.”

நான்கு சுவிட்சுகளையும் மேலே தள்ளிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். மூன்றாவது பிரிவான பலூன் பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில்தான் இசை விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். டிவியின் சத்தத்தை நிறையவே கூட்டினேன். அந்த வீட்டில் அந்தப் பெட்டியிலிருந்து இசை கேட்பது அதுவே முதல் முறை.

அம்மா கன்ட்ரோலரைப் பிடித்தபடி சற்று நேரம் பொத்தானை அழுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். திரையில் அவருடைய ஆள் விழுந்துவிட்டான்.

“இவ்ளோ பாட்டு இருந்துச்சா இதுல?” என்றார். பிறகு, “இன்னொரு தடவ போடு.”

கேசட் இப்போது அம்மாவிடம்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு அண்ணனின் பிள்ளைகள் வந்து விளையாடுகிறார்கள். எந்த விளையாட்டுக்கு எந்தச் சுவிட்ச் என்று மறக்காமல் இருக்க, அம்மா ஒரு தாளில் கோடு போட்டுப் பட்டியல் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். ஃபேக்டரியில் செக் ஷீட் நிரப்பிய கை. வரிசை எண், பெயர், நான்கு சுவிட்சுக்கும் மேலே கீழே அம்புக்குறி, சிவப்புச் சுவிட்சுக்குத் தனிக் கட்டம், சோதித்த தேதி, சுருக்கொப்பம் என்று பதினாறு வரி. எல்லாம் அவரே போட்டுப் பார்த்துச் சரிபார்த்தவை.

கடைசி வரியில் மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு: ‘16. மீன் கேம். சத்தமா வைக்கவும்.’